கோலமும் போடுவாள், கோலும் போடுவாள்!

"கோலம் போடத் தெரியாத பொண்ணு, கோலு போடப் போறாளாம்!"

என் மாமியார் இப்படிச் சொன்னதும் நான் விழுந்து விழுந்து சிரித்துவிட்டேன். எதிரே நின்றிருந்த என் மகளின் முகம் சுண்டிப் போனதைக் கவனிக்கவில்லை. அதுதான் நான் செய்த முதல் தவறு.

அன்று வெள்ளிக்கிழமை. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பெரிய பெண், பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாகப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பள்ளியின் பெண்கள் கால்பந்து அணிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்களாம். பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். அணியில் அவளுக்கு என்ன இடம் தெரியுமோ? 'ஸ்ட்ரைக்கர்!' எல்லாருக்கும் முன்னால் நின்று, எதிர் அணியின் வளையத்தை உடைத்துக்கொண்டு போய் கோல் போட வேண்டியவள். வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறி நிற்கிற பெண்ணுக்கு இந்தப் பதவி!

"அதெல்லாம் வேணாம்மா. வெயில்ல கறுத்துப் போயிடுவே. கால் கையி முறிஞ்சா நாளைக்கு யார் பதில் சொல்றது? போன வருஷந்தானே பெரியவளானே? அரை டிராயரைப் போட்டுக்கிட்டுப் பசங்க முன்னால ஓடுவியா?" என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அவள் ஒன்றும் பேசவில்லை. காகிதத்தை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. பேசாமல் போனதுதான் ராத்திரியெல்லாம் என்னைக் குடைந்தது.

காரணம் இருக்கிறது. நானும் பள்ளிக்கூட நாளில் கோ-கோ ஆடியவள். கம்பத்தைத் தொட்டுத் திரும்புவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்கள் டீச்சர் சொல்வார். நான் வயதுக்கு வந்த அன்றோடு எல்லாம் நின்றது. "போதும், ஆடினது" என்று என் அம்மா சொன்னாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. அதே வார்த்தையைத்தான், இருபத்தைந்து வருஷம் கழித்து, என் மகளிடம் நான் சொல்லியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் இங்கே திருமழிசை தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேச மாட்டார். மறுநாள் காலை டிபன் சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு வந்து, காகிதத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். "ஒரு மாசம் ஆடட்டுமே. அலுத்துப் போனா அவளே விட்டுடுவா" என்றார். எனக்குக் கோபமான கோபம். ஆனாலும் உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில், 'நல்லவேளை, நான் போட வேண்டிய கையெழுத்தை யாரோ போட்டார்கள்' என்றும் இருந்தது.

சரியாக மூன்றாவது வாரம். பள்ளியிலிருந்து போன். பயிற்சியின்போது பெண் மயங்கி விழுந்துவிட்டாளாம்.

அடுப்பை அணைத்தேனா இல்லையா என்றுகூட நினைவில்லை, ஓடினேன். பி.டி. டீச்சர் அவளை நிழலில் படுக்க வைத்து, சர்க்கரையும் உப்பும் கலந்த எலுமிச்சம்பழத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். "நான் அப்பவே சொன்னேனே!" என்று அந்த டீச்சரிடம் கத்திவிட்டேன். பாவம், அவர் பதிலே சொல்லவில்லை. ஆட்டோ பிடித்துக் கூடவே டாக்டரம்மாவிடம் வந்தார்.

"இந்தப் பந்து விளையாட்டே வேண்டாம்னு நீங்களே சொல்லுங்க டாக்டர்" என்று நான் ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை. என் மகளின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், நகங்களைப் பார்த்தார். "காலையில என்ன சாப்பிட்டே?" என்றார்.

"டீயும் ரெண்டு பிஸ்கட்டும்."

"மத்தியானம்?"

பாதி டப்பா அப்படியே திரும்பி வருகிறது என்பது எனக்குத் தெரியும். தலையைக் குனிந்துகொண்டேன்.

"சரி, நீங்க என்ன சாப்பிட்டீங்க?" என்று என் பக்கம் திரும்பினார். என்னை யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு நின்றபடியே நான் விழுங்கிய அரைத் தோசையை எப்படிச் சொல்வது?

இரண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். ஹீமோகுளோபின் அவளுக்கு 8.9. எனக்கு 9.4. பன்னிரண்டுக்குக் குறையக் கூடாதாம்.

"பந்து உங்க பொண்ணைக் கீழே தள்ளலைம்மா. என்னிக்காவது மாடிப்படியில விழ இருந்தவளை முன்னாலயே காட்டிக் கொடுத்திருக்கு" என்றார் டாக்டரம்மா.

அவர் சொன்ன இன்னொரு கணக்கைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில், இந்தியா முழுவதும் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. நம் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 53 பேருக்கு. அதாவது, பால் பூத்தில் வரிசையில் நிற்கும் நம்மில் இரண்டு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். களைப்பு, மூச்சு வாங்குதல், படபடப்பு எல்லாவற்றையும் 'வயசாகுது' என்றும் 'வேலை ஜாஸ்தி' என்றும் நாமாகவே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம்.

"ரத்தம் ஏறுகிற வரைக்கும் ஓடக் கூடாது. ஏறின பிறகு ஓடாம இருக்கக் கூடாது" என்று முடித்தார்.

இரண்டு நாள் கழித்து அந்த பி.டி. டீச்சர் வீட்டுக்கே வந்தார். கையில் ஆப்பிள் பழமும், பழைய பத்திரிகைத் துண்டு ஒன்றும். நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அந்தத் துண்டை என் கையில் கொடுத்தார். "அக்கா, இந்தப் போட்டோவைப் பாருங்க."

இந்திய அணியின் சீருடையில் ஒரு பெண். பக்கத்தில் சாதாரணப் புடவையில், நம் தெருவில் பார்க்கிற மாதிரி ஓர் அம்மா.

அந்தப் பெண் சந்தியா ரங்கநாதன். கடலூர் மாவட்டத்துக்காரர். கோல் போடுவதுதான் அவருக்கும் வேலை. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு தாய் தனியாகவே பாடுபட வேண்டிய நிலைமை. சந்தியா அரசு விடுதியில் தங்கிப் படித்தவர். அங்கே மூத்த மாணவிகள் பந்து ஆடுவதைப் பார்த்துத்தான் அவருக்கும் ஆசை பிறந்திருக்கிறது. கடலூரில் இந்திரா காந்தி விளையாட்டுப் பயிற்சி மையம் என்று ஒன்று உண்டு. மாரியப்பன் என்ற பயிற்சியாளர் பெண்பிள்ளைகளைத் தேடித் தேடிப் பழக்கிய இடம். சந்தியா மட்டுமல்ல, இந்திய அணியின் நடுக்கள ஆட்டக்காரர் இந்துமதி கதிரேசனும் அங்கிருந்து வந்தவர்தான். இந்துமதி தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020 ஊரடங்கின்போது பந்தை ஓரமாக வைத்துவிட்டுச் சென்னையில் காக்கிச் சட்டையோடு பணியில் நின்றவர். அதே சமயத்தில்தான் கோயம்பேடு காய்கறி மார்க்கெட்டை எங்கள் திருமழிசைக்கு மாற்றியிருந்தார்கள். சேறும் லாரியுமாக ஊரே தத்தளித்தது எங்களுக்கு மறக்காது.

2018 பிப்ரவரியில் கட்டாக் நகரில், தேசியப் போட்டியின் இறுதி ஆட்டத்தில் மணிப்பூரைத் தோற்கடித்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் முதல் தடவையாகக் கோப்பை வாங்கினார்கள். மணிப்பூரைப் பெண்கள் கால்பந்தில் வெல்வது, திருநெல்வேலிக்காரரிடமே அல்வா கிண்டிக் காட்டி சபாஷ் வாங்குவது போன்ற காரியம்! அடுத்த வருஷம், 2019 மே மாதம், மதுரையைச் சேர்ந்த சேது எஃப்.சி. அணி இந்தியப் பெண்கள் லீகில் முதலிடம் பெற்றது. அந்த அணியிலும் சந்தியா உண்டு. அதே 2019 ஏப்ரலில் மியான்மரில் மாண்டலே நகரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்று. இந்தியாவுக்காக சந்தியா கோல் போட்டார். கடைசி ஆட்டம் மியான்மரோடு 3-3 என்று சமனாகி, கோல் கணக்கில் இந்தியா வெளியேற வேண்டியதாயிற்று. தோற்காமலே வெளியேறுவது என்றால் மனசு எப்படி இருந்திருக்கும்!

இவ்வளவும் நடந்தபோது அந்தத் தாய் மகள் நாட்டுக்காக ஆடுவதை நேரில் பார்த்ததே கிடையாது. 2023 பிப்ரவரியில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் நேபாளத்தோடு இந்தியா ஆடியது. அப்போதுதான் முதல் தடவையாக வந்து உட்கார்ந்து பார்த்தார். அன்றைய படம்தான் என் கையில் இருந்தது. இன்றைக்கு நான் இருக்கும் நிலைக்கெல்லாம் என் அம்மாதான் காரணம் என்று சந்தியா எல்லாரும் அறியச் சொல்லியிருந்தார்.

அந்தப் படத்தை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. அந்தத் தாய்க்குப் பார்க்க முடியவில்லை. ஆனால் பெண்ணுக்குத் தூணாக இருந்தார். எனக்கோ பள்ளி மைதானம் கூப்பிடு தூரம். பெண் ஒரே கூரைக்குக் கீழே படுக்கிறாள். அவள் ஆடியதையும் நான் பார்க்கவில்லை, அவள் வெளுத்துப் போனதையும் பார்க்கவில்லை. தூரத்திலிருந்த தாய் கவனித்தாள். பக்கத்திலிருந்த தாய் கவனிக்கவில்லை.

டீச்சர் போன பிறகு, என் மகளே எனக்கு வாத்தியாரானாள். படுத்தபடியே உலகக் கதையெல்லாம் சொன்னாள். அதில் ஒன்று ஜெர்மனிக் கதை. கால்பந்துக்குப் பேர்போன அந்த நாட்டிலேயே, 1955 முதல் 1970 வரை பெண்கள் பந்து ஆட மேற்கு ஜெர்மனிச் சங்கம் தடை போட்டிருந்ததாம். பெண்ணின் நளினம் கெட்டுவிடும், உடம்புக்கு ஆகாது என்று காரணம் சொன்னார்களாம். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. நான் அடுக்கிய காரணங்களும் அவைதானே! 1989இல் அந்த நாட்டுப் பெண்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது சங்கம் என்ன பரிசு கொடுத்தது தெரியுமா? ஆளுக்கொரு பீங்கான் டீ செட்!

"ஏன்மா, ஜெயிச்சவங்களுக்கு டீ செட்டு குடுத்தா, வூட்டுக்குப் போய் டீ போடுன்னு அர்த்தமா?" என்று என் மாமியாரே கேட்டுவிட்டார்.

அந்த நாட்டில்தான் பிர்கிட் பிரின்ஸ் என்ற பெண் வந்தார். அவரும் ஸ்ட்ரைக்கர். 1994இல், பதினாறு வயதில், தேசிய அணியில் நுழைந்தார். 214 ஆட்டங்களில் 128 கோல்கள். 2003, 2007 இரண்டு உலகக் கோப்பைகளும் அவர் ஆடிய அணிக்கே. 2003, 2004, 2005 என்று மூன்று வருஷம் தொடர்ந்து உலகின் சிறந்த வீராங்கனை. பிறகு மனோதத்துவம் படித்து, ஆட்டக்காரர்களுக்கு மனத்தெம்பு கொடுக்கும் வேலைக்கு வந்துவிட்டார். டீ செட் கொடுத்த ஊரில் பதினைந்தே வருஷத்தில் எவ்வளவு மாற்றம்! நாமும் ஒன்றும் குறைந்தவர்கள் இல்லை. கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியப் பெண்கள் இரண்டாம் இடம் பெற்றிருக்கிறார்கள். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

சரி, சகோதரிகளே, கதை போதும். எங்கள் வீட்டில் என்ன மாற்றினோம் என்று சொல்கிறேன். உங்களுக்கும் பயன்படும்.

முதல் காரியமாக, டாக்டரம்மா பூச்சி மாத்திரை கொடுத்தார். வயிற்றில் பூச்சி இருந்தால் எதைத் தின்றாலும் ஒட்டாது. பிறகு இரும்புச் சத்து மாத்திரை. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார். குமட்டினால் சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளலாம். ஆனால் பாலோடும் டீயோடும் கூடாது. ரத்தம் சரியான அளவுக்கு வந்த பிறகும் உடனே நிறுத்தாமல் மூன்று மாதம் தொடர வேண்டுமாம். மாத்திரையின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாள் சொல்லக் கூடாது!

டீயைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாலும் பின்னாலும் நிறுத்தினோம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போய்விடுகிறது. எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்ற புளிப்பும் பழமும் சேர்ந்தால் நன்றாகச் சேர்கிறது. ஆகவே முருங்கைக்கீரைப் பொரியலை இறக்கி வைத்து, பரிமாறும்போது எலுமிச்சம்பழம் பிழிகிறேன். காலையில் வெறும் டீயோடு பெண் வெளியே போவதில்லை. கேழ்வரகு அடை, அல்லது இட்லியோடு வேர்க்கடலைச் சட்னி, ஒரு முட்டை. வாரம் ஒரு நாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டியோ. மாலையில் பயிற்சிக்கு முன் ஒரு வாழைப்பழமும் எள்ளுருண்டையும். கூடவே பெரிய பாட்டிலில் தண்ணீர்.

அந்த மூன்று நாட்களைப் பற்றி டாக்டரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வலியும் போக்கும் அதிகம் இல்லையென்றால் தாராளமாக ஆடலாமாம். ரொம்பப் போனால் ரத்தசோகைக்கு அதுவே காரணமாக இருக்கலாம், உடனே காட்ட வேண்டும் என்றார். உள்ளே முட்டி வரை இறுக்கமான கறுப்பு டிராயர், மேலே சீருடை என்று ஆனதும் என் பயமும் பாதி போயிற்று.

முழங்கால் விஷயத்தில் மட்டும் அலட்சியம் கூடாது. முழங்காலுக்குள்ளே உள்ள ஒரு தசைநார், திடீரென்று திரும்பும்போது அறுந்துபோவது ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கு அதிகமாம். அதற்காக ஆடாமல் இருக்க வேண்டியதில்லை. உலகக் கால்பந்துச் சங்கமான ஃபிஃபா, '11 பிளஸ்' என்று இருபது நிமிஷப் பயிற்சி ஒன்று வகுத்திருக்கிறது. ஓட்டம், உட்கார்ந்து எழுதல், ஒற்றைக் காலில் நிற்றல், குதித்து மெதுவாக இறங்குதல் என்று எளிய காரியங்கள்தான். வாரம் இரண்டு முறையாவது செய்தால் அடிபடுவது நன்றாகக் குறைகிறது. எங்கள் டீச்சர் இதைச் செய்யாமல் பந்தையே தொட விடுவதில்லை. எலும்பு கெட்டிப்படுவது பெரும்பாலும் இந்த வளரும் பருவத்தில்தான். ஓடிக் குதிப்பதுதான் அதற்கு உரம் என்றும் டாக்டரம்மா சொன்னார்.

மூன்று மாதத்தில் அவளுக்கு 11.6. எனக்கு 11.1. ஆமாம், நானும் மாத்திரை போட்டேன். நானும் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

ஒரு சனிக்கிழமை என் மாமியார் ஜெகந்நாதப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தார். எங்கள் ஊரில் அவதரித்த திருமழிசையாழ்வாருக்கு வலது காலில் ஒரு கண் உண்டு என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. துளசியை என் மகள் கையில் கொடுத்து, "நம்ம ஆழ்வாருக்குக் கால்லயே கண்ணு. உனக்கும் கால்ல கண்ணு வரணும்னு வேண்டிக்கிட்டேன். பந்து எங்க இருக்குதுன்னு காலுக்கே தெரியணும், ஆமா!" என்றார். கோலத்தைச் சொல்லிக் கேலி செய்த அதே வாய்! மூங்கில் புதரில் கிடைத்த அந்தக் குழந்தையைப் பிரம்பு அறுக்கும் தம்பதிதான் எடுத்து வளர்த்தார்கள் என்பதும் எங்கள் ஊர்க் கதை. விடுதியில் வளர்ந்த சந்தியாவை அப்போது நினைத்துக்கொண்டேன்.

போன மாதம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு மைதானத்தில் பள்ளிகளுக்குள் ஆட்டம். சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு நானும் மாமியாரும் பஸ் பிடித்துப் போனோம். புழுதியும் வெயிலும். என் பெண் ஓடுவதை முதல் தடவையாகப் பார்த்தேன். கரப்பான்பூச்சிக்குப் பயப்படுகிற பெண்ணா இது? தன்னைவிட ஒரு சாண் உயரமான இரண்டு பேருக்கு நடுவே புகுந்து, பந்தோடு வெளியே வந்தாள். எதிரே கோல்கீப்பர் மட்டும். நான் என்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். உதைத்தாள்.

பந்து கம்பத்துக்கு மேலே போய்விட்டது.

ஆட்டம் 0-1. தோற்றுப் போனார்கள். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு குனிந்து நின்றாள். பிறகு மெல்ல நிமிர்ந்து எங்களைத் தேடினாள். திட்டுவேனா, சிரிப்பேனா என்று பார்த்த மாதிரி இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை சிரித்தவள்தானே நான்! இந்தத் தடவை கை வலிக்கிற வரைக்கும் தட்டினேன்.

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "ஒரே ஒரு சான்ஸ்மா. தூக்கி அடிச்சுட்டேன்" என்றாள்.

"எனக்குக் கோ-கோவில கம்பத்தைத் தொடவே ஒரு வருஷம் ஆச்சு" என்றேன்.

"நீ ஆடியிருக்கியா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். திருமழிசை வருகிற வரைக்கும் அந்தக் கதைதான். பதின்மூன்று வருஷமாக அவளிடம் நான் அதைச் சொன்னதே இல்லை.

மறுநாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருந்தேன். பந்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தவள், என்ன தோன்றிற்றோ, கோலப்பொடி டப்பாவை என் கையிலிருந்து வாங்கினாள். எட்டுப் புள்ளி. கோடு கொஞ்சம் கோணல்தான். மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

இன்னும் அவள் ஒரு கோலும் போடவில்லை. போடுவாள். போடாவிட்டாலும் பரவாயில்லை, காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடப் போகிறாள்.